மெர்க்கில் தொடாத இரண்டாம் பேஸ்

1908 செப்டம்பர் 23, புதன்கிழமை. நியூயார்க்கின் போலோ கிரவுண்ட்ஸ் மைதானத்தில் ஆட்டம் முடிந்துவிட்டது என்று நம்பி, பத்தொன்பது வயதுப் பையன் ஒருவன் உடை மாற்றும் அறையைப் பார்த்து ஓடினான். அங்கே கூடியிருந்த ஏறத்தாழ 20,000 பேரும் அப்படித்தான் நம்பினார்கள். ஆனால் அன்று இரவு அம்பயர் வேறு மாதிரி சொன்னார்: வெற்றி ரன் செல்லாது, ஆட்டம் டிரா. பதினைந்து நாள் கழித்து அந்த ஆட்டத்தை முதலிலிருந்து ஆட வேண்டி வந்தது. அதில் பையனின் அணி தோற்றது, லீக் பட்டமும் கைவிட்டுப் போனது.

பையனின் பெயர் ஃப்ரெட் மெர்க்கில். அன்றிலிருந்து அவருக்கு ஒட்டிக்கொண்ட பட்டப்பெயர் 'போன்ஹெட்'. நம்மூரில் மரமண்டை என்போமே, அதே பொருள்தான். அமெரிக்க பேஸ்பால் வரலாற்றில் இந்த அளவுக்கு அலசப்பட்ட தவறு வேறு இல்லை எனலாம். அது உண்மையில் யாருடைய தவறு என்று பார்ப்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன். மெர்க்கில் விதியை மீறினார் என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் குற்றவாளிகளை வரிசையாக நிறுத்தினால் அவர் கடைசியில்தான் நிற்பார் என்று நினைக்கிறேன்.

முதலில் விதி

பேஸ்பால் பார்த்துப் பழக்கமில்லாதவர்களுக்கு இந்த ஒரு விதி புரிந்தால் போதும், மீதிக் கதை தானாக விளங்கும். மைதானத்தில் நான்கு பேஸ்கள் ஒரு சதுரத்தின் மூலைகளாக இருக்கும், ஒன்றுக்கும் அடுத்ததற்கும் இடையே 90 அடி. பந்தை அடிக்கிறவர் நிற்கும் மூலைக்கு ஹோம் பிளேட் என்று பெயர், மற்ற மூன்று பேஸையும் சுற்றி அங்கே திரும்பி வந்தால் ஒரு ரன். பந்தை அடித்தவர் முதல் பேஸுக்கு ஓட வேண்டும். அங்கே ஏற்கெனவே ஒருவர் நின்றால்? ஒரு பேஸில் இரண்டு பேர் நிற்க முடியாது. ஆகவே அவர் இடத்தைக் காலி செய்துவிட்டு இரண்டாம் பேஸுக்குப் போயே ஆக வேண்டும். இப்படிக் கட்டாயத்தின் பேரில் ஓடுகிறவரை அவுட்டாக்க, அவர் உடம்பைப் பந்தால் தொட வேண்டியதில்லை. அவர் வந்து சேர்வதற்குள் பந்தோடு ஒரு ஃபீல்டர் இரண்டாம் பேஸை மிதித்தால் போதும். இதற்குப் பெயர் ஃபோர்ஸ் அவுட். மூன்று அவுட் ஆனால் அந்த அணியின் முறை முடியும். இரு அணிகளும் ஒரு முறை ஆடினால் ஒரு இன்னிங்ஸ், ஆட்டத்துக்கு ஒன்பது, சமநிலை என்றால் அதற்கு மேலும்.

அடுத்த வரிதான் முக்கியம். அந்த ஃபோர்ஸ் அவுட் அந்த இன்னிங்ஸின் மூன்றாவது அவுட்டாக இருந்தால், அதே அடியில் வேறு யாராவது ஹோம் பிளேட்டைத் தாண்டி எடுத்த ரன் கணக்கில் சேராது. அவர் எவ்வளவு முன்னதாகத் தாண்டியிருந்தாலும் சேராது.

கிரிக்கெட்டில் சொல்லிப் பார்ப்போம். கடைசிப் பந்து, ஜெயிக்க ஒரு ரன். பேட்ஸ்மேன் பந்தைத் தள்ளிவிட்டு எதிர்முனைக்குப் போய்ச் சேர்ந்துவிட்டார். கூட்டம் கூச்சலோடு உள்ளே பாய்கிறது. அதைப் பார்த்த மறுமுனை பேட்ஸ்மேன், ஜெயித்தாயிற்றே என்று பாதி பிட்ச்சிலேயே பெவிலியன் பக்கம் திரும்பிவிடுகிறார். எதிரணியில் ஒருவர் மட்டும் நிதானம் இழக்காமல் பந்தைத் தேடிப் பிடித்து ஸ்டம்ப்பைத் தட்டுகிறார். அந்த ரன் சேருமா? சேராது. ஆனால் அந்த நெரிசலில் எந்த அம்பயர் விரலைத் தூக்குவார்?

1908 வரைக்கும் பேஸ்பாலில் யாரும் தூக்கியதில்லை. வெற்றி ரன் வந்தவுடன் முதல் பேஸில் இருப்பவர் இரண்டாம் பேஸைத் தொடாமலே அறைக்கு ஓடிவிடுவது அன்றைய வழக்கம். காரணம் சோம்பல் மட்டுமல்ல. ஆட்டம் முடிந்ததும் ரசிகர்கள் மைதானத்துக்குள் இறங்கி, அதன் வழியாகத்தான் வெளியேறுவார்கள். போலோ கிரவுண்ட்ஸில் வீரர்களின் அறை இருந்தது சென்டர் ஃபீல்டுக்கு அப்பால், மைதானத்தின் மறுகோடியில். கூட்டம் சூழ்வதற்குள் போய்ச் சேராவிட்டால் தொப்பி போகும், சட்டை கிழியும், தோற்ற நாளாக இருந்தால் அடியும் விழும். (பெயர்தான் போலோ மைதானம், இந்த இடத்தில் யாரும் போலோ ஆடியதில்லை. பழைய மைதானத்தின் பெயரை எடுத்துவந்து ஒட்டிவிட்டார்கள்.)

பத்தொன்பது நாள் முன்பு

இந்தக் கதையை 23-ஆம் தேதியிலிருந்து தொடங்குவதுதான் பலரும் செய்கிற பிழை. அது தொடங்கியது செப்டம்பர் 4 அன்று, பிட்ஸ்பர்க்கில்.

அந்த வருடம் நேஷனல் லீகில் மூன்று அணிகள் ஒன்றையொன்று விடாமல் துரத்திக்கொண்டிருந்தன: ஜான் மெக்ரா நடத்திய நியூயார்க் ஜயண்ட்ஸ், ஃப்ராங்க் சான்ஸ் தலைமையில் சிகாகோ கப்ஸ், ஹோனஸ் வாக்னர் ஆடிய பிட்ஸ்பர்க் பைரேட்ஸ். இப்போது போல பிளேஆஃப் கிடையாது. லீகில் முதலாவதாக வருகிற அணி, இன்னொரு லீகின் முதல் அணியோடு மோதும் உலகத் தொடருக்கு நேரே போகும், அவ்வளவுதான். ஏப்ரலில் தோற்ற ஆட்டத்துக்கும் செப்டம்பரில் தோற்ற ஆட்டத்துக்கும் ஒரே விலை.

செப்டம்பர் 4 அன்று கப்ஸும் பைரேட்ஸும் மோதிய ஆட்டத்தில் ஒன்பது இன்னிங்ஸ் முடிந்தும் யாருக்கும் ரன் இல்லை. பத்தாவது இன்னிங்ஸில் பைரேட்ஸுக்கு மூன்று பேஸிலும் ஆள், இரண்டு அவுட். ஓவன் வில்சன் அடித்த பந்து சென்டர் ஃபீல்டில் விழுந்தது, மூன்றாம் பேஸிலிருந்து ஃப்ரெட் கிளார்க் ஓடிவந்து ரன் எடுத்தார். 1-0. முதல் பேஸில் இருந்த வாரன் கில் இரண்டாம் பேஸைத் தொடாமல் பாதியிலேயே திரும்பிப் போய்விட்டார். எப்போதும் நடப்பதுதான்.

கப்ஸின் இரண்டாம் பேஸ்காரர் ஜானி எவர்ஸ் மட்டும் அதைக் கவனித்தார். எவர்ஸ் ஒல்லி, எந்நேரமும் யாரோடாவது வாக்குவாதம் செய்துகொண்டிருப்பவர். இரவில் படுக்கையில் விதிப்புத்தகம் படிக்கிற ஆள் என்பார்கள். அவருக்கு மறுபக்கம் ஷார்ட்ஸ்டாப்பில், அதாவது இரண்டாம், மூன்றாம் பேஸ்களுக்கு நடுவில் நின்ற ஜோ டிங்கரோடு பேச்சுவார்த்தையே கிடையாது. தினமும் தோளோடு தோள் நின்று விளையாடிக்கொண்டே வருடக்கணக்கில் பேசாமல் இருந்தார்கள். அப்படிப்பட்ட எவர்ஸ் பந்தை வரவழைத்து இரண்டாம் பேஸை மிதித்தார், கில் அவுட், ரன் செல்லாது என்று முறையிட்டார்.

அன்று மைதானத்தில் ஒரே அம்பயர், ஹாங்க் ஓடே. அவருடைய பதில்: கில் தொட்டாரா இல்லையா என்று நான் பார்க்கவில்லை, ரன் சேரும். ஓர் ஆள் ஒரே சமயத்தில் ஹோம் பிளேட்டையும் இரண்டாம் பேஸையும் எப்படிப் பார்ப்பார், அவரைக் குறை சொல்ல முடியாது. லீக் தலைவர் ஹாரி புல்லியமிடம் கப்ஸ் புகார் கொடுத்தது. அம்பயரின் முடிவே முடிவு என்று அவர் தள்ளிவிட்டார்.

இந்த இடத்தில்தான் நான் நிற்கிறேன். புகார் லீக் தலைவரின் மேசைக்கு வந்துவிட்டது. விதிப்புத்தகம் ஒன்று சொல்கிறது, மைதானத்தில் வேறொன்று நடக்கிறது என்பது எழுத்திலேயே அவர் கண்முன் இருந்தது. எட்டு அணிகளுக்கும் ஒரு சுற்றறிக்கை போயிருக்கலாம்: "கடைசி அடியிலும் பேஸைத் தொட்டே ஆக வேண்டும், இனி அம்பயர்கள் பார்ப்பார்கள்" என்று இரண்டு வரி. அப்படி எதுவும் போகவில்லை. மறுபக்கம் ஓடே இதை யோசித்துக்கொண்டே இருந்திருக்கிறார். கொள்கை அளவில் நீ சொன்னது சரிதான், அடுத்த முறை கண்ணில் பட்டால் அவுட் கொடுப்பேன் என்று தன்னிடம் ஓடே சொன்னதாக எவர்ஸ் பின்னாளில் சொல்லியிருக்கிறார். அது உண்மையென்றால், நடைமுறை மாறப்போகிறது என்பது எவர்ஸுக்குத் தெரியும், ஓடேவுக்குத் தெரியும். நியூயார்க்கில் ஒரு பத்தொன்பது வயதுப் பையனுக்குத் தெரியாது.

செப்டம்பர் 23

மெர்க்கில் அன்று ஆடியிருக்கவே கூடாது. ஜயண்ட்ஸின் வழக்கமான முதல் பேஸ்காரர் ஃப்ரெட் டென்னி. அன்று காலையில் அவருக்கு முதுகுப் பிடிப்பு, எழுந்திருக்க முடியவில்லை. அணியிலேயே மிகச் சிறியவரான மெர்க்கில் அந்த சீசனில் முதல்முறையாக ஆட்டத்தின் தொடக்கத்திலிருந்து களமிறங்கினார், அதுவும் பட்டத்துக்குப் போட்டியிடும் அணிக்கு எதிராக. முந்தைய நாள்தான் கப்ஸ் ஒரே நாளில் இரண்டு ஆட்டங்களில் ஜயண்ட்ஸை வீழ்த்தியிருந்தது. பட்டியலில் ஜயண்ட்ஸ் இன்னும் மேலே இருந்தது, ஆனால் நூலிழை வித்தியாசம்தான்.

நியூயார்க்குக்கு கிறிஸ்டி மாத்யூசன் பந்து வீசினார். அந்த வருடம் மட்டும் 37 வெற்றி பெற்ற பிட்சர். சிகாகோவுக்கு ஜாக் ஃபீஸ்டர், ஜயண்ட்ஸ் என்றாலே நன்றாக வீசுகிறவர். அந்தக் காலத்தில் ஒரு பந்தையே அழுக்காகி நைந்து போகும்வரை வைத்து ஆடுவார்கள், அது தூரம் போகாது. ரன் எடுப்பது தங்கம் எடுப்பது போல. ஐந்தாவது இன்னிங்ஸில் டிங்கர் அடித்த பந்து ஃபீல்டர்களைத் தாண்டி உருண்டு போக, அவர் நான்கு பேஸையும் சுற்றி வந்துவிட்டார். கப்ஸுக்கு 1. ஆறாவதில் மைக் டான்லின் அடியில் ஹெர்ஸாக் ரன் எடுத்தார். 1-1. அப்புறம் ஒன்பதாவது வரை ஒன்றுமில்லை.

ஒன்பதாவது இன்னிங்ஸின் இரண்டாம் பாதி, ஜயண்ட்ஸ் ஆடுகிறது. சீமோர் அவுட். டெவ்லின் சிங்கிள் அடித்து முதல் பேஸுக்குப் போனார். மக்கார்மிக் அடித்த பந்தில் டெவ்லின் இரண்டாம் பேஸில் ஃபோர்ஸ் அவுட். அதே இரண்டாம் பேஸ், அதே விதி, சில நிமிடங்களுக்கு முன்! இப்போது இரண்டு அவுட், முதல் பேஸில் மக்கார்மிக். அடுத்து வந்தவர் மெர்க்கில். வலது ஓரக் கோட்டை ஒட்டி நல்ல அடி ஒன்று அடித்தார், மக்கார்மிக் மூன்றாம் பேஸுக்குப் போய்விட்டார். அந்த அடி இல்லாவிட்டால் அன்று ஜயண்ட்ஸுக்கு வாய்ப்பே இருந்திருக்காது. இதை அப்புறம் யாரும் பேசியதில்லை.

அடுத்தவர் அல் பிரிட்வெல், ஜயண்ட்ஸின் ஷார்ட்ஸ்டாப். ஃபீஸ்டர் வீசிய பந்தை நேராக அடித்தார். பேஸ் அம்பயர் பாப் எம்ஸ்லி நின்ற இடத்துக்கே பந்து போனது, அடிபடாமல் தப்பிக்க அவர் தரையில் விழுந்தார். பந்து சென்டர் ஃபீல்டுக்குள் போய்விட்டது. மக்கார்மிக் ஹோம் பிளேட்டைத் தொட்டார். 2-1. கூட்டம் வேலியைத் தாண்டிக் குதித்தது.

மெர்க்கில் இரண்டாம் பேஸை நோக்கி ஓடிக்கொண்டிருந்தார். சுற்றிலும் மனிதர்கள் ஓடி வருவதைப் பார்த்தார், அறையின் பக்கம் திரும்பினார். எத்தனை அடி மிச்சம் இருந்தது என்பதில் சாட்சிகள் ஒத்துப்போகவில்லை.

அதன் பிறகு நடந்ததை எந்த நீதிமன்றமும் தெளிவாக எழுதிவிட முடியாது. எவர்ஸ் இரண்டாம் பேஸில் நின்று பந்துக்காகக் கத்தினார். சென்டர் ஃபீல்டர் ஹாஃப்மன் எறிந்தார், அது எவர்ஸிடம் வந்து சேரவில்லை. மூன்றாம் பேஸ் பக்கம் பயிற்சியாளராக நின்ற ஜயண்ட்ஸ் பிட்சர் ஜோ மக்கினிட்டி விஷயத்தைப் புரிந்துகொண்டு பந்தைக் கைப்பற்றிக் கூட்டத்துக்குள் வீசிவிட்டார். கப்ஸின் மாற்று வீரர் ஒருவர் கூட்டத்தில் ஒரு ரசிகரோடு கட்டிப் புரண்டு அதைப் பிடுங்கி வந்தார் என்பது சிகாகோ தரப்பு. எவர்ஸ் கையில் கடைசியாக இருந்தது வேறு பந்து, பையிலிருந்து எடுத்தது என்பது நியூயார்க் தரப்பு. எப்படியோ, ஒரு பந்தைக் கையில் பிடித்துக்கொண்டு எவர்ஸ் இரண்டாம் பேஸில் ஏறி நின்றார்.

எம்ஸ்லியிடம் கேட்டார்கள். பந்தைத் தவிர்க்க விழுந்தேன், எழுந்ததும் பிரிட்வெல் முதல் பேஸைத் தொட்டாரா என்று பார்த்தேன், இரண்டாம் பேஸைப் பார்க்கவில்லை என்றார். அவரும் தன் வேலையைத்தான் செய்தார், பிரிட்வெல் முதல் பேஸுக்குப் போகாவிட்டாலும் அந்த ரன் செல்லாதுதானே. ஹோம் பிளேட் அம்பயரிடம் கேட்டார்கள். அன்று அந்த இடத்தில் நின்றவர் வேறு யாருமல்ல, ஹாங்க் ஓடே. செப்டம்பர் 4-ஐ மறக்காத ஓடே இந்த முறை பார்த்திருந்தார். மெர்க்கில் தொடவில்லை, அவுட், ரன் செல்லாது என்றார்.

தீர்ப்பில் இருக்கும் ஓட்டை

ஓடேவின் முடிவு விதிப்படி சரி. இதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் அதோடு நின்றால் பாதி விதியைத்தான் பார்த்ததாகும். ரன் செல்லாது என்றால் ஆட்டம் 1-1, பத்தாவது இன்னிங்ஸ் ஆட வேண்டும். மைதானம் முழுக்க ஜனம். கூட்டத்தை வெளியேற்ற வேண்டியது உள்ளூர் அணியின் பொறுப்பு, முடியாவிட்டால் எதிரணிக்கு வெற்றி கொடுக்கலாம். ஓடே இரண்டையும் செய்யவில்லை. ஆட முடியாத அளவுக்கு இருட்டிவிட்டதால் மைதானத்தைக் காலி செய்யச் சொல்லவில்லை என்று லீக் தலைவருக்கு எழுதினார்.

இருட்டு என்பது வசதியான காரணம். அதை நான் முழுக்க நம்பவில்லை, ஆனால் அவர் மேல் கோபமும் வரவில்லை. அந்தக் கூட்டத்தின் நடுவில் நின்று, நீங்கள் ஜெயித்தது ஜெயிக்கவே இல்லை, எல்லோரும் வெளியே போங்கள் என்று அறிவிக்கச் சொன்னால் நானும் வானத்தைத்தான் பார்த்திருப்பேன்.

புகார் மீண்டும் புல்லியமிடம் போனது. ஜயண்ட்ஸ் 2-1 வெற்றி கேட்டது. விதிப்படி ஆட்டத்தைத் தொடராததால் வெற்றி தங்களுக்கே என்று கப்ஸ் கேட்டது. புல்லியம் இரண்டையும் தள்ளி, அம்பயர்கள் சொன்னபடி டிரா என்றார். இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. செப்டம்பர் 4-க்கும் இதற்கும் அவர் சொன்ன காரணம் ஒன்றே: மைதானத்தில் நடந்ததை அம்பயர்தான் முடிவு செய்ய வேண்டும். அவர் அளவில் முரண்பாடே இல்லை. ஆனால் வீரர்களின் கண்ணில், ஒரே செயலுக்குப் பத்தொன்பது நாள் இடைவெளியில் இரண்டு எதிரெதிர் முடிவுகள் வந்தன, இரண்டையும் அவரே உறுதி செய்தார்.

இரு அணிகளும் மேல்முறையீடு செய்தன. லீகின் இயக்குநர்களான மற்ற அணித் தலைவர்கள், ப்ரூக்ளினின் சார்லஸ் எபெட்ஸ், பாஸ்டனின் ஜார்ஜ் டவி, சின்சினாட்டியின் கேரி ஹெர்மன் ஆகிய மூவரும் அக்டோபர் தொடக்கத்தில் கூடி, பிரமாண வாக்குமூலங்களை எல்லாம் படித்துவிட்டு, டிராதான், தேவைப்பட்டால் திரும்ப ஆடுங்கள் என்றார்கள்.

தேவைப்பட்டது

மெர்க்கில் தொட்டிருந்தால் ஜயண்ட்ஸ் பட்டம் வாங்கியிருக்கும் என்று சொல்லும்போது ஒரு கணக்கை விட்டுவிடுகிறார்கள். 23-ஆம் தேதிக்குப் பிறகு ஜயண்ட்ஸுக்கு இன்னும் இரண்டு வாரம் ஆட்டம் இருந்தது. அந்த நாட்களில் ஃபிலடெல்ஃபியா ஃபில்லீஸ் அணியின் ஹாரி கவலெஸ்கி என்ற இளம் பிட்சர், ஐந்தே நாளில் மூன்று தடவை ஜயண்ட்ஸைத் தோற்கடித்தார். அந்த மூன்றில் இரண்டை வென்றிருந்தால் ஜயண்ட்ஸின் கணக்கு 100 வெற்றி, 53 தோல்வி ஆகியிருக்கும், மறு ஆட்டத்தின் பேச்சே எழுந்திருக்காது. அந்த மூன்று தோல்விகளுக்காக மாத்யூசனையோ மெக்ராவையோ யாரும் மரமண்டை என்று கூப்பிடவில்லை.

அக்டோபர் 4 அன்று கப்ஸ் சிகாகோவில் 30,000-க்கும் மேற்பட்டவர்கள் முன்னிலையில் பைரேட்ஸை 5-2 என்று வென்றது. பைரேட்ஸ் 98-56 என்று முடித்துக்கொண்டு காத்திருக்க வேண்டியதாயிற்று. ஜயண்ட்ஸ் பாஸ்டனுடனான கடைசி மூன்று ஆட்டங்களையும் வென்றது. இப்போது கப்ஸ் 98-55, ஜயண்ட்ஸ் 98-55. 153 ஆட்டம் ஆடியும் ஒரு நூல்கூட வித்தியாசமில்லை. மறு ஆட்டம் அக்டோபர் 8, அதே போலோ கிரவுண்ட்ஸில்.

அன்றைய கூட்டத்தை யாராலும் எண்ண முடியவில்லை. வாசலை மூடிய பிறகும் ஆயிரக்கணக்கானவர்கள் வெளியே நின்றார்கள். மேட்டில், கூரையில், உயர்மட்ட ரயில் பாதையின் தூண்களில் எல்லாம் ஆட்கள். அப்படி ஏறியவர்களில் ஒருவர் விழுந்து இறந்தார். ஆட்டத்துக்கு முன் அம்பயர்களுக்குப் பணம் கொடுக்க முயற்சி நடந்தது என்ற புகாரும் பின்னால் வெளிவந்தது. லீக் விசாரித்து, ஜயண்ட்ஸின் மருத்துவர் மைதானங்களுக்குள் நுழையவே தடை போட்டது. அவர் மறுத்தார்.

ஆட்டம்? முதல் இன்னிங்ஸிலேயே ஃபீஸ்டர் தடுமாறினார், ஜயண்ட்ஸுக்கு ஒரு ரன் வந்தது. சான்ஸ் தாமதிக்காமல் மார்டெகாய் பிரவுனை அழைத்தார். சிறுவயதில் பண்ணை இயந்திரத்தில் மாட்டிச் சிதைந்த விரல்களோடு, அந்தச் சிதைவினாலேயே வினோதமாக வளையும் பந்தை வீசுகிறவர். மூன்றாவது இன்னிங்ஸில் மாத்யூசனின் பந்தை டிங்கர் சென்டர் ஃபீல்டருக்கு மேலாக அடித்து மூன்றாம் பேஸுக்கு ஓடிவிட்டார். ஆமாம், 23-ஆம் தேதி ஹோம் ரன் அடித்த அதே டிங்கர். அந்த இன்னிங்ஸில் கப்ஸுக்கு நான்கு ரன். ஏழாவதில் ஜயண்ட்ஸ் மூன்று பேஸையும் நிரப்பியது, ஒரு அவுட்கூட இல்லை. கிடைத்தது ஒரே ரன். 4-2.

தோற்ற கூட்டம் மீண்டும் மைதானத்துக்குள் பாய்ந்தது. கப்ஸ் வீரர்கள் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு அறைக்கு ஓடினார்கள். சான்ஸின் கழுத்தில் பலத்த அடி. ஆட்டம் முடிந்ததும் வீரர்கள் ஏன் எதையும் பார்க்காமல் அறையை நோக்கி ஓடினார்கள் என்பதற்கு இதைவிட நல்ல விளக்கம் வேண்டுமா?

கப்ஸ் உலகத் தொடரில் டெட்ராய்ட் டைகர்ஸை 4-1 என்று வென்றது. அடுத்த உலகத் தொடர் வெற்றிக்கு அந்த அணி 2016 வரை, 108 வருஷம் காத்திருந்தது. சாபம் என்று பேசுகிறவர்கள் உண்டு. எனக்கு அதில் நம்பிக்கை இல்லை.

யார் மேல் எவ்வளவு

மெர்க்கில் மேல் இருக்கும் குற்றம் ஒரு வரியில் அடங்கும்: விதி தெரிந்திருக்க வேண்டும், கண்ணெதிரே டெவ்லின் அதே விதியில் அவுட் ஆனதையும் பார்த்திருக்கிறார். ஆனால் அணியில் இருந்த மூத்தவர்கள் அவருக்குச் செய்து காட்டியது என்ன? வெற்றி ரன் வந்தால் ஓடு. அவரும் அதைச் செய்தார்.

மெக்ராவுக்கும் பங்கு உண்டு என்பது என் கணிப்பு, அவரை விட்டுவிடுவது பலருக்கும் வழக்கம். எதிரணியின் ஒவ்வொரு தந்திரத்தையும் மோப்பம் பிடிக்கிறவர் என்று பெயர் எடுத்தவர். பிட்ஸ்பர்க்கில் எவர்ஸ் முறையிட்டதும் கப்ஸ் புகார் கொடுத்ததும் ரகசியமல்ல, பத்திரிகைகளில் வந்த சேதி. எவர்ஸ் இதைத் திரும்ப முயல்வார் என்று ஊகித்துத் தன் ஆட்களை எச்சரித்திருக்க வேண்டியவர் அவர். பின்னாளில் அவர் மெர்க்கிலை ஒரு முறைகூடப் பழிக்காததற்கும் சம்பளத்தை உயர்த்தியதற்கும் நல்ல மனசு ஒரு காரணம். தன் பங்கு அவருக்குத் தெரிந்திருந்ததும் ஒரு காரணமாக இருக்கலாம்.

எவர்ஸைக் குறுக்குப்புத்திக்காரர் என்று நியூயார்க் திட்டியது. விதியைப் படித்து வைத்திருந்ததைக் குற்றம் என்று சொல்வதில் எனக்கு உடன்பாடில்லை.

பெரிய பங்கு லீக் அலுவலகத்துக்குத்தான். விதியும் வழக்கமும் வேறு வேறாகிவிட்டன என்று தெரிந்த பிறகு இரண்டே வழிதான் இருந்தது: விதியை மாற்று, அல்லது இனி விதிதான் என்று எல்லோருக்கும் சொல். மூன்றாவதாக, ஒன்றும் சொல்லாமல் அம்பயர்களின் விருப்பத்துக்கு விட்டார்கள். கூட்டத்தை மைதானத்தின் வழியாக வெளியேற அனுமதித்ததும் அணிகளுக்கும் லீகுக்கும் தெரிந்தே நடந்ததுதான்.

இதை எழுதும்போது கை தயங்குகிறது, ஏனென்றால் அதிக விலை கொடுத்தவர்களில் புல்லியமும் ஒருவர். அந்த இலையுதிர் காலம் முழுக்க நியூயார்க் பத்திரிகைகள் அவரைக் கிழித்தன. அடுத்த வருடத் தொடக்கத்தில் மனம் சோர்ந்து விடுப்பில் போனார், திரும்பி வந்தார், 1909 ஜூலையில் தற்கொலை செய்துகொண்டார். மெர்க்கில் விவகாரம்தான் அவரைக் கொன்றது என்று சிலர் எழுதுவதுண்டு. அவருக்கு அணி முதலாளிகளோடு வேறு பல சண்டைகளும் இருந்தன, ஒரு மனிதரின் சாவை ஒரே ஆட்டத்தில் கொண்டுபோய்க் கட்டுவது நியாயமாகப் படவில்லை.

மெர்க்கில் 16 சீசன்கள் ஆடினார். 1910-லிருந்து ஜயண்ட்ஸின் நிரந்தர முதல் பேஸ்காரர், அடித்துப் பத்திரமாகப் பேஸ் சேர்ந்த ஹிட்கள் 1,500-க்கும் மேல், ஆட்டத்தை நன்றாகப் புரிந்தவர் என்று மெக்ராவே ஆலோசனை கேட்ட வீரர். ஐந்து உலகத் தொடர்களில் ஆடினார், ஐந்திலும் அவர் அணி தோற்றது. அதில் ஒன்று 1918-இல், கப்ஸ் அணிக்காக! எந்த ஊருக்குப் போனாலும் யாராவது ஒருவர் ஸ்டாண்டிலிருந்து, "இரண்டாம் பேஸைத் தொட மறந்துடாதே" என்று கத்தினார்கள். ஓய்வுக்குப் பிறகு ஃப்ளோரிடாவுக்குப் போய், பேஸ்பாலோடு ஒட்டும் உறவும் வேண்டாம் என்று ஒதுங்கியிருந்தார். 1950-இல் பழைய வீரர்கள் நாளுக்காக ஜயண்ட்ஸ் அழைத்தபோது வெகுவாகத் தயங்கிப் பிறகு போலோ கிரவுண்ட்ஸுக்கு வந்தார். கூட்டம் கைதட்டி வரவேற்றது. 1956 மார்ச்சில் டேட்டோனா பீச்சில் காலமானார்.

அன்றைக்குப் பந்தை அடித்த பிரிட்வெல்லின் கணக்கில் அந்த ஹிட் இல்லை. மூன்றாவது அவுட்டே ஃபோர்ஸ் அவுட் என்றால் அடித்தவருக்கும் ஹிட் கிடையாது, அதுவும் விதிதான். ஆனால் முதியவரான பிறகு அவர் வருத்தப்பட்டது ஹிட் போனதற்காக அல்ல. அன்று நான் பந்தை அடிக்காமலே மூன்று ஸ்ட்ரைக்கில் அவுட் ஆகித் தொலைத்திருக்கலாம், அந்தப் பையனுக்கு வந்த கஷ்டம் வந்திருக்காது என்றுதான் சொன்னார்.